அசையாத குழந்தை

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த ஸ்காட் ஸ்மித் என்ற மயக்கவியல் மருத்துவர் தன் உடம்பிலேயே செய்துகொண்ட ஒரு சோதனையின் அறிக்கை 1947-ல் வெளியானது. அவர் தெரிந்துகொள்ள விரும்பியது ஒரே ஒரு விஷயத்தை. கூரரே என்ற மருந்து மூளையைத் தூங்கவைக்குமா, வைக்காதா?

கூரரே என்பது தென்னமெரிக்கப் பழங்குடிகள் வேட்டை அம்பின் நுனியில் தடவிய விஷம். நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை அது நடுவில் மறித்துவிடும். கை கால் துவளும், இமை விழும், கடைசியில் மூச்சுவிட உதவும் தசைகளும் நின்றுபோகும். 1942-ல் மான்ட்ரியாலில் ஹெரால்ட் கிரிஃபித் அதை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுவந்தார். வயிற்றுத் தசை இறுகிக்கிடந்தால் அறுவை மருத்துவருக்குப் பெரிய தொல்லை. கூரரே கொடுத்தால் வயிறு மெத்தென்று ஆகிவிடுகிறது. மருந்து வேகமாகப் பரவியது. கூடவே ஒரு சந்தேகமும் பரவியது. அசையாமல் கிடக்கும் நோயாளி மயங்கித்தான் கிடக்கிறாரா, இல்லை விழித்துக்கொண்டே அசைய முடியாமல் கிடக்கிறாரா?

ஸ்மித் மேஜையில் படுத்தார். மூச்சு நிற்பதற்குத் தேவையானதைவிட இரண்டரை மடங்கு மருந்து அவருக்கு ஏற்றப்பட்டது. சக ஆராய்ச்சியாளர்கள் பக்கத்தில் நின்று செயற்கையாக மூச்சுக் கொடுத்தார்கள். ஒரு கட்டத்துக்குப் பிறகு அவரால் இமையைக்கூட அசைக்க முடியவில்லை. மருந்தின் வேகம் இறங்கியதும் நடந்ததை எல்லாம் சொன்னார். சுற்றி நின்றவர்கள் பேசியது அத்தனையும் காதில் விழுந்தது. கிள்ளியது வலித்தது. தொண்டையில் சேர்ந்த எச்சிலை விழுங்க முடியாமல் திணறியது தெரிந்தது. மூளை ஒரு கணமும் தூங்கவில்லை. கூரரே உடம்பைப் பூட்டுகிறது, அவ்வளவுதான். உள்ளே இருப்பவர் உள்ளேயே இருக்கிறார்.

இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதிவைத்த பிறகும், சுமார் நாற்பது வருடங்கள் கழித்துக்கூட, வசதியான நாடுகளின் பெரிய ஆஸ்பத்திரிகளில், பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளுக்கு இந்த வகை மருந்தை மட்டும் கொடுத்து, அல்லது அதோடு கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் சேர்த்துக் கொடுத்து, மார்பைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார்கள். ஸ்மித் எழுந்து உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். பச்சைக் குழந்தை சொல்லாது.

இன்று நம்மூரில் கைக்குழந்தைக்கு ஆபரேஷன் என்றால் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி வேறு. "மயக்க மருந்து குடுத்தா புள்ளையோட மூளை பாதிக்குமாமே, நெசமா?" நியாயமான கேள்வி. கடந்த கால் நூற்றாண்டில் இதற்குப் பதில் தேடி எலி, குரங்கு, இரட்டையர், அண்ணன் தம்பி என்று எத்தனையோ பேரை ஆராய்ந்துவிட்டார்கள். ஆனால் இந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வியின் வரலாறு இருக்கிறது. மயக்க மருந்து கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? அதைத் தெரிந்துகொள்ளாமல் முதல் கேள்வியின் பதிலை மட்டும் கேட்டால் தராசின் ஒரு தட்டை மட்டும் பார்ப்பதுபோல் ஆகிவிடும்.

*

குழந்தைக்கு வலி இல்லை என்ற நம்பிக்கை மருத்துவம் பிறந்த நாளிலிருந்தே இருந்து வந்தது என்று நினைத்தால் அது தவறு. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் ஈதர் கொடுத்து ஒரு நோயாளியை மயங்கவைத்துக் காட்டினார். மறு வருடமே குளோரோஃபார்ம் வந்துவிட்டது. லண்டனில் ஜான் ஸ்னோ பல கைக்குழந்தைகளுக்கு அதைக் கொடுத்திருக்கிறார். உதடு பிளந்து பிறந்த குழந்தைகளுக்குத் தையல் போடும்போது குளோரோஃபார்ம் கொடுத்த அனுபவத்தை விரிவாக எழுதியும் வைத்திருக்கிறார். காலரா தண்ணீரில் பரவுகிறது என்று காட்டியவர், விக்டோரியா மகாராணிக்குப் பிரசவத்தில் குளோரோஃபார்ம் கொடுத்தவர், அதே ஸ்னோதான். அவருக்குக் குழந்தையின் வலி ஒரு சந்தேகமாகவே தோன்றவில்லை.

ஆனால் அதே காலத்தில் எதிர்க்குரலும் இருந்தது. பாஸ்டனில் ஈதரின் வருகையை உலகுக்கு அறிவித்த ஹென்றி பிகலோ, கைக்குழந்தைக்கு வலியை எதிர்பார்த்துப் பயப்படவும் தெரியாது, பிறகு நினைத்து வருந்தவும் தெரியாது, எனவே மருந்து அவ்வளவு அவசியமில்லை என்ற கருத்தை 1848-ல் முன்வைத்தார். அதே வருடம் ஜனவரியில் இங்கிலாந்தின் நியூகாசில் அருகே ஹானா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் கால் நகத்தை எடுப்பதற்குக் கொடுத்த குளோரோஃபார்மில் இறந்துபோனாள். மயக்க மருந்தால் நேர்ந்ததாகப் பதிவான முதல் மரணம் அதுதான். அன்றிலிருந்து பயம் ஒரு பக்கம், இரக்கம் ஒரு பக்கம் என்று இந்தத் துறை இழுபட ஆரம்பித்தது.

பயத்துக்கு அறிவியல் மொழி கிடைத்தது பிறகுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் பால் ஃப்ளெக்சிக், மூளையின் நரம்பு இழைகள் மேல் படியும் மயலின் என்ற கொழுப்பு உறை பிறந்த குழந்தையிடம் முழுமையாக வளர்ந்திருப்பதில்லை என்று காட்டினார். கண்டுபிடிப்பு சரி. அதிலிருந்து எடுத்த முடிவுதான் கோளாறு. உறை இல்லாத கம்பியில் செய்தி போகாது, ஆகவே குழந்தைக்கு வலி மூளைவரை போய்ச் சேராது என்று புரிந்துகொண்டார்கள். வளர்ந்த மனிதர்களிடமும் வலியைச் சுமக்கும் இழைகளில் பெரும்பகுதிக்கு உறை கிடையாது. உறை இல்லாவிட்டால் செய்தி மெதுவாகப் போகும், போகாமல் இருக்காது.

1941-ல் மிர்ட்டில் மெக்ரா என்ற அமெரிக்க உளவியலாளர் 75 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து நான்கு வயதுவரை பின்தொடர்ந்து, ஊசியால் லேசாகக் குத்தி அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று குறித்துவைத்தார். பிறந்து சில நாட்களே ஆன சில குழந்தைகள் பெரிதாக எதையும் காட்டவில்லை. அவர்களின் அசைவுகள் மூளையின் கீழ்மட்டத்தில் நடக்கும் அனிச்சைச் செயல்கள் என்ற விளக்கம் மருத்துவ வகுப்பறைகளில் நிலைபெற்றுவிட்டது. குழந்தை கத்தினால் அது அனிச்சை. கத்தாவிட்டால் வலி இல்லை. எப்படிப் போட்டாலும் ஒரே விடைதான் வரும்.

இதையெல்லாம் செய்தவர்களை இரக்கமற்றவர்கள் என்று தூக்கி எறிந்துவிட முடியாது. பிறந்த குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பது அன்று உண்மையிலேயே ஆபத்தான காரியம். உடம்பில் இருக்கும் ரத்தமே ஒரு டம்ளர் அளவுதான். பின்னால் வந்த ஹாலோதேன் ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிடும். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி 1980-களில்தான் பரவலானது. அதுவரை குழந்தையின் உதடு நீலமாகிறதா என்று கண்ணால் பார்ப்பதுதான் வழி.

இந்தச் சூழலில்தான் லிவர்பூலின் கார்டன் ஜாக்சன் ரீஸ் 1950-ல் தன் முறையை எழுதினார். கூரரே கொடுத்துத் தசைகளைத் தளர்த்து, மூச்சை நீ கையால் கொடு, நைட்ரஸ் ஆக்சைடை மெல்லிதாகச் சேர். குழந்தைகள் பிழைத்தார்கள். அதற்கு முன்னால் பிழைத்திருக்க வாய்ப்பில்லாத குழந்தைகள். அவர் மாற்றியமைத்த சின்னஞ்சிறு ரப்பர் பைச் சாதனம் அவர் பெயரின் முதலெழுத்துகளோடு 'ஜே.ஆர். சர்க்யூட்' என்று இன்றும் இந்திய ஆபரேஷன் தியேட்டர்களில் தொங்குகிறது. ஆனால் நைட்ரஸ் ஆக்சைடு தனியாக நின்று ஒருவரை முழுமையாக மயக்கப் போதாத வாயு. உடல்நிலை மோசமான குழந்தைக்கு அதையும் குறைத்தார்கள். சில இடங்களில் நிறுத்தியே விட்டார்கள். மிஞ்சியது கூரரேயும் அதன் வழித்தோன்றல்களும். குழந்தை அசையாமல் கிடந்தது. எல்லோரும் அதை அமைதி என்று எடுத்துக்கொண்டார்கள்.

*

கருவில் இருக்கும் குழந்தை மூச்சு விடுவதில்லை. அதனால் நுரையீரலுக்குப் போகவேண்டிய ரத்தம் ஒரு குறுக்குக் குழாய் வழியாக மகாதமனிக்குத் திரும்பிவிடும். பிறந்த சில நாட்களில் அந்தக் குழாய் தானாக மூடிக்கொள்ளும். சில குழந்தைகளுக்கு மூடாது. 1938 ஆகஸ்டில் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் என்ற இளம் மருத்துவர், தன் தலைவர் ஊரில் இல்லாத சமயம் பார்த்து, ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் மார்பைத் திறந்து அந்தக் குழாயைக் கட்டினார். அவள் பிழைத்தாள். குழந்தைகளுக்கான இதய அறுவையின் தொடக்கம் அதுதான்.

பின்னால் குறைமாதக் குழந்தைகளைக் காப்பாற்றும் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் வந்தன. குறைமாதக் குழந்தைகளுக்கு அந்தக் குழாய் மூடாமல் இருப்பது சகஜம். ஆகவே கிராஸ் ஏழு வயதுப் பெண்ணுக்குச் செய்த ஆபரேஷனை ஒரு கிலோ எடைகூட இல்லாத உயிர்களுக்குச் செய்ய ஆரம்பித்தார்கள்.

ஜெஃப்ரி லாசன் அப்படிப்பட்ட ஒரு குழந்தை. 1985 பிப்ரவரியில் 26 வாரத்தில் வாஷிங்டனில் பிறந்தான். குழாயைக் கட்டும் ஆபரேஷன் நடந்தது. கழுத்திலும் மார்பிலும் வெட்டி, விலா எலும்புகளை விலக்கி, சுமார் ஒன்றரை மணி நேரம். ஐந்து வாரம் கழித்து இறந்துபோனான். அவனுடைய அம்மா ஜில் லாசன் பிறகு மருத்துவப் பதிவேடுகளைப் படித்தபோதுதான் தெரிந்தது. ஆபரேஷன் முழுக்க அவனுக்குக் கொடுக்கப்பட்டது பேன்குரோனியம் மட்டும்தான். அது கூரரேயின் நவீன உறவினர், தசையைப் பூட்டும் மருந்து. வலிக்கு எதுவும் இல்லை. அவர் போய்க் கேட்டபோது, இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு வலி உண்டு என்று நிரூபிக்கப்படவில்லை என்ற பதில் கிடைத்தது.

ஜில் லாசன் விடவில்லை. கடிதம் எழுதினார், பத்திரிகைகளைத் தேடிப் போனார். 1986-ல் வாஷிங்டன் போஸ்ட் செய்தி வெளியிட்டது. நாடு அதிர்ந்தது. மருத்துவர்களில் பலருக்கோ இதில் அதிர்ச்சியடைய என்ன இருக்கிறது என்றே புரியவில்லை. அது அன்றைய வழக்கம். ஒரு டாக்டரின் அலட்சியம் என்றிருந்தால் தண்டித்துவிட்டு மறந்திருக்கலாம். பாடப்புத்தகத்தின்படி நடந்த ஒன்றை என்ன செய்வது?

*

பாடப்புத்தகத்தை மாற்றும் வேலை அதற்குள் ஆக்ஸ்ஃபோர்டில் ஆரம்பித்துவிட்டது. இந்தூர் மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு ரோட்ஸ் உதவித்தொகையில் அங்கே போயிருந்தார் கன்வல்ஜீத் சிங் ஆனந்த். குறைமாதக் குழந்தைகளின் வார்டில் வேலை பார்க்கும்போது ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. ஆபரேஷனுக்குப் போகும்போது ஓரளவு நிலையாக இருந்த குழந்தை திரும்பி வரும்போது வெளிறி, நாடி தளர்ந்து, ரத்த அழுத்தம் தாறுமாறாகி வருகிறது. தியேட்டருக்குள் என்ன நடக்கிறது? உள்ளே போய்ப் பார்த்தபோது விடை கிடைத்தது. நைட்ரஸ் ஆக்சைடும் கூரரேயும் மட்டும்தான்.

குழந்தை பேசாது. அசையவும் முடியாது. அப்படியானால் அதன் ரத்தத்தைக் கேட்கலாம் என்று ஆனந்த் நினைத்தார். வலியும் அச்சமும் வந்தால் உடம்பு அட்ரினலின் போன்ற ஹார்மோன்களைக் கொட்டும், சர்க்கரை ஏறும். இவற்றைத் துளி ரத்தத்தில் அளக்க முடியும். குழாய் கட்டும் ஆபரேஷனுக்கு வந்த 16 குறைமாதக் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். எட்டுப் பேருக்கு வழக்கமான முறை. எட்டுப் பேருக்கு அதோடு ஃபென்டனில் என்ற வலிநீக்கி. முடிவு 1987 ஜனவரியில் லான்செட் இதழில் வந்தது. ஃபென்டனில் கிடைக்காத குழந்தைகளின் ஹார்மோன்கள் எகிறியிருந்தன. ஆபரேஷனுக்குப் பிறகு அவர்களுக்குத்தான் ரத்த ஓட்டச் சிக்கல்களும் அதிகம்.

இதில் ஒரு கசப்பான வேடிக்கையும் உண்டு. ஆய்வு வெளியானதும் பிரிட்டனில் கண்டனம் எழுந்தது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் சீறினார்கள். எட்டுக் குழந்தைகளுக்கு வலிநீக்கி கொடுக்காமல் எப்படிச் சோதனை செய்யலாம்? அந்த எட்டுப் பேருக்குக் கிடைத்தது நாட்டில் மற்ற குழந்தைகளுக்குத் தினமும் கிடைத்துக்கொண்டிருந்த அதே சிகிச்சை. ஆராய்ச்சி என்ற பெயர் வந்த பிறகுதான் அது கொடுமையாகக் கண்ணில் பட்டது.

1987 செப்டம்பரில் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி, பிறந்த குழந்தைகளுக்கும் மயக்க மருந்தும் வலிநீக்கியும் கொடுக்கவேண்டும், கொடுக்க முடியும் என்று அறிவித்தது. நவம்பரில் ஆனந்தும் பால் ஹிக்கியும் அதுவரை கிடைத்த ஆதாரங்களைத் திரட்டி எழுதிய நீண்ட கட்டுரை நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. 1992-ல் அதே இருவரும் இதய அறுவைக்கு வந்த 45 பச்சைக் குழந்தைகளின் கணக்கை வெளியிட்டார்கள். 30 பேருக்கு சஃபென்டனில் என்ற வலுவான வலிநீக்கி அதிக அளவில் தரப்பட்டது. 15 பேருக்கு ஹாலோதேனும் மார்ஃபினும் கொண்ட லேசான முறை. முதல் கூட்டத்தில் யாரும் இறக்கவில்லை. இரண்டாவது கூட்டத்தில் 4 பேர் இறந்தார்கள். வலியை அடக்குவது கருணை என்று மட்டுமே நினைத்திருந்தவர்களுக்கு, அது உயிர் காக்கும் சிகிச்சை என்று காட்டிய கணக்கு அது.

குழந்தைக்கு நினைவே இல்லை என்ற பிகலோவின் வாதத்துக்கு 1997-ல் டொரன்டோவிலிருந்து பதில் வந்தது. பிறந்தவுடன் மரப்பு மருந்து இல்லாமல் சுன்னத் செய்யப்பட்ட ஆண் குழந்தைகள், நாலைந்து மாதம் கழித்துத் தடுப்பூசி போடும்போது மற்றவர்களைவிட அதிகமாகத் துடித்தார்கள், அதிக நேரம் அழுதார்கள். நினைத்துச் சொல்லத் தெரியாவிட்டாலும் உடம்பு எங்கோ குறித்துவைத்துக்கொள்கிறது.

*

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை.

செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஜான் ஓல்னி என்ற மூளை ஆராய்ச்சியாளர் இருந்தார். நாம் அஜினமோட்டோ என்று சொல்லும் உப்பைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு ஊசியாக ஏற்றினால் மூளையின் ஒரு பகுதி சிதைகிறது என்று 1969-ல் காட்டியவர். அமெரிக்காவில் குழந்தை உணவுகளில் அந்த உப்பைச் சேர்ப்பது நின்றுபோனதில் அவருக்குப் பங்கு உண்டு. அளவுக்கு மீறித் தூண்டினால் நரம்பு செல் செத்துப்போகும் என்பது அவருடைய பழைய கண்டுபிடிப்பு. 1999-ல் அவர் குழு அதற்கு நேரெதிரான ஒன்றைச் சொன்னது. வளரும் மூளையைத் தூண்டாமல் அடக்கி வைத்தாலும் செல் செத்துப்போகும்.

காரணம் இதுதான். வளரும் மூளை தேவைக்கு அதிகமாக நியூரான்களை உண்டாக்குகிறது. மற்றவற்றோடு தொடர்பு ஏற்படுத்திக்கொண்டு பேசிக்கொண்டிருப்பவை தங்கும். பேச்சுமூச்சில்லாமல் இருப்பவை தாமே தம்மை அழித்துக்கொள்ளும். மயக்க மருந்துகள் செய்வதோ இந்தப் பேச்சை நிறுத்துவதுதான். சில மருந்துகள் நியூரானைத் தூண்டும் வாசலை அடைக்கின்றன, சில அடக்கும் வாசலை அகலத் திறக்கின்றன. சில மணி நேரம் மௌனமாக இருந்த இளம் நியூரான், தான் வேண்டாதவன் என்று முடிவு செய்துவிடுகிறது.

2003-ல் வெஸ்னா ஜெவ்டோவிச்-டொடரோவிச்சும் ஓல்னியும் அவர்கள் சகாக்களும் ஏழு நாள் எலிக்குஞ்சுகளுக்கு மிடாசோலம், நைட்ரஸ் ஆக்சைடு, ஐசோஃப்ளூரேன் மூன்றையும் சேர்த்து ஆறு மணி நேரம் கொடுத்தார்கள். குழந்தைகளுக்கு வழக்கமாகத் தரப்படும் மருந்துகள். மூளையின் பல பகுதிகளில் நியூரான்கள் கூட்டமாக அழிந்தன. அந்த எலிகள் வளர்ந்த பிறகும் புதிய வழியைக் கற்றுக்கொள்வதில் பின்தங்கின. எலிக்கு ஏழாம் நாளை ஒட்டி நடக்கும் மூளை வளர்ச்சி வேகம் மனிதக் குழந்தைக்குக் கருவின் கடைசி மூன்று மாதம் தொடங்கி ஏறத்தாழ மூன்று வயதுவரை நீள்கிறது. உலகம் முழுக்க லட்சக்கணக்கான குழந்தைகள் அந்த வயதில் ஆபரேஷன் மேஜைக்குப் போகிறார்கள். மயக்கவியல் மருத்துவர்களின் வயிற்றில் புளியைக் கரைத்த கட்டுரை அது.

இதற்கு முதலில் மறுப்பு எழுதியவர்களில் ஆனந்த் ஒருவர். 2005-ல் வந்த கூட்டுக் கட்டுரையில் ஹிக்கியின் பெயரும் இருந்தது. இருபது வருடங்களுக்கு முன் மருந்து கொடுங்கள் என்று போராடியவர்கள் மறுபடி களத்தில் இறங்க வேண்டியதாயிற்று. எலியின் ஆறு மணி நேரத்தை மனிதக் குழந்தையின் ஆறு மணி நேரத்தோடு ஒப்பிட முடியாது என்றார்கள். அதைவிட முக்கியமான வாதம் ஒன்று உண்டு. அந்த எலிகளுக்கு ஆபரேஷன் நடக்கவில்லை. வலி இல்லாத உடம்பில் வலி மருந்து ஏற்றப்பட்டது. 2007-ல் ஆனந்தின் குழு எலிக்குஞ்சுகளுக்கு வலி உண்டாக்கிப் பார்த்தது. வலியே நியூரான்களைக் கொன்றது. குறைந்த அளவு கெட்டமைன் கொடுத்தபோது சாவு குறைந்தது. மற்ற ஆய்வுக்கூடங்களில் நியூரான்களைக் கொன்ற அதே கெட்டமைன்.

அதே காலத்தில் குரங்குகளிடம் நடந்த ஆய்வுகள் அளவு என்ற விஷயத்தை முன்னே கொண்டுவந்தன. பிறந்து ஐந்து நாளான குரங்குக்குட்டிக்கு 24 மணி நேரம் கெட்டமைன் கொடுத்தால் நியூரான்கள் அழிந்தன. மூன்று மணி நேரம் கொடுத்தபோது அப்படி இல்லை.

*

மனிதக் குழந்தைகளிடம் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் முதலில் படிக்கும் பாடம், ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்யாதே என்பது. செய்தால், எது உடைத்தது என்று தெரியாது. குழந்தையின் ஆபரேஷனில் மாற்றங்கள் எப்போதும் கூட்டமாகத்தான் வரும். நோய், வெட்டு, வலி, வீக்கம், ஆஸ்பத்திரி வாசம், அம்மாவைப் பிரிந்தது, மயக்க மருந்து எல்லாம் ஒன்றாக வருகின்றன. பத்து வருடம் கழித்து அந்தக் குழந்தை கணக்கில் பின்தங்கினால் இவற்றில் யாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது?

2009-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ மையம் 1976 முதல் 1982 வரை ஒரே மாவட்டத்தில் பிறந்த 5357 குழந்தைகளின் பழைய பதிவேடுகளைப் புரட்டியது. நான்கு வயதுக்குள் ஒரு முறை மயக்க மருந்து பெற்றவர்களிடம் கற்றல் குறைபாடு கூடவில்லை. இரண்டு முறையோ அதற்கு மேலோ பெற்றவர்களிடம் கூடியிருந்தது. பயந்தவர்கள் இரண்டாவது வரியைப் படித்தார்கள். ஆனால் பல முறை ஆபரேஷன் தேவைப்படும் குழந்தை ஏற்கெனவே நோயாளிக் குழந்தை அல்லவா?

அதே வருடம் நெதர்லாந்திலிருந்து ஒரு அழகான ஆய்வு. ஒரே கருவிலிருந்து பிறந்த 1143 இரட்டை ஜோடிகள். மூன்று வயதுக்குள் இருவருமே மயக்க மருந்து பெற்ற ஜோடிகள், இருவரும் பெறாத ஜோடிகளைவிடப் படிப்பில் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். இதோடு நிறுத்தியிருந்தால் மருந்துதான் குற்றவாளி. ஒருவர் மட்டும் பெற்ற ஜோடிகளைப் பார்த்தபோது மருந்து பெற்றவருக்கும் பெறாதவருக்கும் வித்தியாசமே இல்லை. பின்தங்கலை மருந்தைவிட, இருவருக்கும் பொதுவான ஏதோ ஒன்றுதான் விளக்குகிறது.

இருந்தாலும் பழைய பதிவேடு பதிவேடுதான். சீட்டுக் குலுக்கிப் பார்க்காமல் சந்தேகம் தீராது. மயக்க மருந்து இல்லாமல் ஆபரேஷன் செய்து ஒப்பிட முடியாது. அந்தச் சோதனை ஏற்கெனவே பல பத்தாண்டுகள் நடந்து முடிந்துவிட்டது. வேறு வழி இருந்தது. கைக்குழந்தைகளின் குடலிறக்க ஆபரேஷனைச் சில மருத்துவமனைகள் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக வைத்து, குழந்தை விழித்திருக்கும்போதே செய்துவந்தன. வலி இல்லை, மூளைக்கு மயக்கமும் இல்லை.

மெல்போர்னின் ஆண்ட்ரூ டேவிட்சனும் பாஸ்டனின் மேரி எலன் மெக்கானும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். ஏழு நாடுகளின் 28 மருத்துவமனைகளில் 722 குழந்தைகளைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு முதுகு ஊசி, பாதிப் பேருக்கு செவோஃப்ளூரேன் மயக்கம். சீட்டு முடிவு செய்யும். பிறகு காத்திருந்தார்கள். முதல் குழந்தை சேர்ந்தது 2007-ல். ஐந்து வயதில் நுண்ணறிவுச் சோதனை நடத்தி முடிவை வெளியிட்டது 2019-ல். முதுகு ஊசி பெற்றவர்களின் சராசரி 99.08. மயக்க மருந்து பெற்றவர்களின் சராசரி 98.97.

பன்னிரண்டு வருட உழைப்புக்குக் கிடைத்த வித்தியாசம் பத்தில் ஒரு புள்ளி. ஆனால் எத்தனை நேர மயக்கத்துக்கு இந்த விடை என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும். பாதிப் பேருக்கு மயக்கம் 54 நிமிடத்துக்கு உட்பட்டது. ஒரே ஒரு முறை. பெரும்பாலும் ஆண் குழந்தைகள், ஏனென்றால் குடலிறக்கம் அவர்களுக்குத்தான் அதிகம். 2016-ல் வந்த பாண்டா ஆய்வும் இதையே சொன்னது. 105 உடன்பிறப்பு ஜோடிகளில் ஒருவர் மூன்று வயதுக்குள் ஒரு முறை மயக்க மருந்து பெற்றவர், மற்றவர் பெறாதவர். இரு பக்கமும் சராசரி 111. மேயோவின் 2018 ஆய்வு 997 பேரைச் சோதித்தது. பல முறை மருந்து பெற்றவர்களிடமும் நுண்ணறிவு எண் குறையவில்லை. ஆனால் விரல்களின் நுண்வேலையிலும் யோசிக்கும் வேகத்திலும் சிறிய குறைவு தெரிந்தது. காரணம் மருந்தா, அத்தனை ஆபரேஷனுக்குக் காரணமான நோயா என்பதை அந்த வகை ஆய்வு பிரித்துக் காட்டாது.

இதற்கு நடுவே 2016 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விட்டது. மூன்று வயதுக்குக் கீழே, மூன்று மணி நேரத்துக்கு மேல், அல்லது திரும்பத் திரும்பக் கொடுத்தால் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். அவசியமான ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்றும் அந்த அமைப்பு சொல்லியிருக்கிறது. எச்சரிக்கை வாட்ஸ்அப் வழியாக வீடுகளுக்கு வந்து சேரும்போது இந்த இரண்டாவது பாதி வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது.

*

இதயத்தில் ஓட்டையோடு பிறந்த குழந்தைக்கும், குடல் அடைத்துக்கொண்ட குழந்தைக்கும் மூன்று வயதுவரை காத்திருக்கும் வசதி கிடையாது. மூன்று வயதுக்குள் செய்யப்படும் நீண்ட ஆபரேஷன்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவைதான். தள்ளிப்போடக்கூடிய சிகிச்சை என்றால் டாக்டரோடு உட்கார்ந்து பேசலாம், பேசவேண்டும். இரண்டு ஆபரேஷன்களை ஒரே மயக்கத்தில் முடிக்க முடியுமா என்று கேட்கலாம். முதுகு ஊசி சாத்தியமா என்று கேட்கலாம். இவையெல்லாம் 2003-ம் வருட எலிகள் நமக்குக் கொடுத்த நல்ல கேள்விகள்.

ஆனால் மருந்து மூளையைக் கெடுக்கும் என்று பயந்து, வலிநீக்கியைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சும் பெற்றோரும், அதற்கு இணங்கிப்போகும் மருத்துவரும் சந்தித்துக்கொள்ளும் இடம் 1985 வாஷிங்டனுக்கு வெகு அருகில் இருக்கிறது. அங்கேயும் குழந்தைக்கு நல்லது என்று நம்பித்தான் மருந்தை நிறுத்தினார்கள். இரண்டு காலத்திலும் பெரியவர்களுக்கு ஏதோ ஒன்று நிச்சயமாகத் தெரிந்தது. குழந்தையிடம் யாரும் கேட்கவில்லை.

இப்போது கேட்கும் வழிகள் இருக்கின்றன. 1996-ல் டொரன்டோவில் போனி ஸ்டீவன்ஸும் சகாக்களும் குறைமாதக் குழந்தையின் வலியை அளக்க ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கினார்கள். புருவம் புடைக்கிறதா, கண் இறுகுகிறதா, மூக்கோர மடிப்பு ஆழமாகிறதா, நாடி எவ்வளவு ஏறுகிறது, ஆக்சிஜன் எவ்வளவு இறங்குகிறது, எத்தனை வாரக் குழந்தை, தூங்குகிறதா விழித்திருக்கிறதா. இந்த ஏழையும் ஒரு செவிலியர் அரை நிமிடம் நின்று பார்த்து எண்ணிக்கொள்ளலாம். குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கும்போது தாய்ப்பால் கொடுப்பது, சர்க்கரைக் கரைசலை நாக்கில் விடுவது, அம்மாவின் மார்போடு ஒட்டி வைப்பது ஆகியவை குழந்தை வலியில் துடிப்பதைக் குறைக்கின்றன என்றும் ஆய்வுகள் காட்டிவிட்டன. செலவே இல்லாத வைத்தியம். எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் செய்யலாம்.

ஆக, கைக்குழந்தையின் ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க மருத்துவர் வந்து உட்காரும்போது, மூளை பாதிக்குமா என்று தாராளமாகக் கேட்போம். கேட்டு முடித்ததும் இன்னொன்றையும் கேட்போம். "ஆபரேஷன் நடக்கும்போதும் அதுக்கப்புறமும் இவளுக்கு வலி தெரியாம இருக்க என்ன குடுக்கப்போறீங்க டாக்டர்?"